நாலு குச்சியும் ஒரு ஜன்னலும்

இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் எங்கள் தெருவிலேயே வேகமான கம்ப்யூட்டர் என்னுடையதாகத்தான் இருக்கும். அடித்தளத்து அறையில், அதன் தலையில் அடித்துச் சபதம் செய்தேன். கையைச் சுட்டுக்கொண்டேன்.

சூட்டுக்குக் காரணம் ஓவர்கிளாக். "இவ்வளவு ஓடினால் போதும்" என்று கம்பெனி சொல்லி அனுப்பிய கம்ப்யூட்டரை "இன்னும் ஓடு" என்று விரட்டுவது. விரட்டினால் கொதிக்கும். கொதித்தால் குளிர வைக்க வேண்டும். கனடாவின் வின்னிபெக்கில் குடியிருந்துகொண்டு குளிரைக் கடையில் வாங்குபவன் முட்டாள். அடித்தள ஜன்னலைத் திறந்தேன். துணி உலர்த்தும் மெஷினின் பழைய குழாயை எடுத்து, ஒரு முனையை ஜன்னலிலும் மறு முனையை கம்ப்யூட்டர் வாயிலும் செருகினேன். மைனஸ் முப்பது டிகிரி இலவசமாக உள்ளே வந்தது.

வந்தது கீழேயே இருக்கவில்லை. மாடிக்கும் போனது. அங்கே என் மனைவி லரிசா இருந்தாள்.

"என்னங்க! ஜன்னல மூடுங்க!"

"தோ, மூடிட்டேன்!"

மூடவில்லை. அவளே இறங்கி வந்தாள். தோளில் எங்கள் மகள் ஸ்டெஃபா. அத்தனை போர்வைக்குள் குழந்தை இருப்பதற்கு ஒரே அத்தாட்சி அந்தச் சிவந்த மூக்குதான்.

"ரெண்டு தடவ தும்மிட்டா. இவ தும்மினா எனக்கு உயிர் போய்ட்டுத் திரும்புது. நெஞ்சுல கைவச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். உங்களுக்கு அந்த டப்பாவுக்குக் காய்ச்சல் வரக்கூடாது, அதானே?"

"ஓவர்கிளாக் பண்ணியிருக்கேன் லரிசா. மூடினா மெஷின் படுத்துடும்."

"படுக்கட்டும். இந்த வீட்ல யாராவது ஒருத்தராவது தூங்கட்டும். கிளாக் மட்டுமா ஓவர்? இங்க எல்லாமே ஓவர்!"

இதுதான் சமயம் என்று என் திட்டத்தை எடுத்து விட்டேன்.

"அதுக்குத்தான் சொல்றேன், மெமரிய மாத்தணும்."

"கட்டாயம் மாத்தணும். நேத்து டயபர் வாங்கப் போயிட்டுப் பனி தள்ற மண்வெட்டியோட வந்தீங்க."

"எனக்கு இல்லடி, கம்ப்யூட்டருக்கு! ஸ்டெஃபா வீடியோ எல்லாம் சட்டு சட்டுனு ஓடும். உனக்காகத்தான்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"எதப் பாத்து வாங்கணும்?"

"வேகம் பாக்கணும். அப்புறம் லேட்டன்சி. கேட்டதுக்கும் குடுக்கறதுக்கும் நடுவுல எவ்வளவு தாமதம்னு."

"நான் ஜன்னல மூடச் சொன்னதுக்கும் நீங்க மூடறதுக்கும் நடுவுல இருக்கே, அதுவா?"

"அதேதான்."

"அப்ப உங்கள எந்தக் கடையிலயும் விக்க முடியாது."

மறுநாள் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஒரெஸ்ட் அண்ணன் மண்வெட்டியை ஊன்றி நின்றார். ஒரு காலத்தில் தெருவின் வேகமன்னர் அவர்தான். அவரைத் தோற்கடிக்கத்தான் என் சபதமே.

"மெமரி வாங்கறியாமே, மைரன்? எத்தன குச்சி?" மெமரி, குச்சிக் கணக்கில்தான் விற்கும்.

"ரெண்டுண்ணே."

"ரெண்டா!" அனுதாபத்தோடு தலையாட்டினார். "நான் நாலு போட்டேன். உனக்கு ரெண்டு போதும், விடு. சின்ன வயசு."

நாலு குச்சிக்கு எதிராக எங்கோ ஏதோ படித்த ஞாபகம். என்ன என்றுதான் ஞாபகம் வரவில்லை.

கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு ரகம். குட்டையாக, கருப்பாக, வேகமான ஜோடி ஒன்று. நெட்டையாக, தலையில் வண்ண விளக்கோடு, நாலு குச்சி சேர்ந்த பெட்டி இன்னொன்று. என் கை ஜோடியை நோக்கிப் போனது.

"அதையே எடுத்துக்கோங்க," என்றாள் லரிசா. "நாலு போட்டுச் சமாளிக்கறதெல்லாம் ஒரெஸ்ட் அண்ணன மாதிரி அனுபவம் உள்ளவங்களுக்குத்தான்."

கை தானாகவே திரும்பிப் பெட்டியை எடுத்தது.

வீட்டுக்கு வந்து செருகினேன். மூன்று குச்சி உட்கார்ந்தது. நாலாவதின் விளக்குத் தலை, பிராசஸர் மேலிருந்த பெரிய விசிறியில் இடித்தது. அதைக் கழற்றிவிட்டு, பழைய சின்ன விசிறியை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பு. இன்னும் கறுப்பு.

"செத்துப் போச்சா?" என்றாள் லரிசா, குழந்தையைத் தட்டிக்கொண்டே.

"புது மெமரிய இப்பத்தான் பழக்கிக்கிட்டிருக்கு."

"புதுசா வந்தவங்கள ஒத்துக்க நேரம் ஆகும். உங்கம்மாவுக்கு ஆகலையா?"

கடைசியில் எழுந்தது. வேகத்தை ஏற்றினேன், விழுந்தது. கொஞ்சம் குறைத்து ஏற்றினேன், மறுபடி விழுந்தது. அப்போதுதான் படித்தது ஞாபகம் வந்தது: நாலு குச்சி போட்டால் பழைய வேகம் தாங்காது. பெரிய விசிறியும் இல்லாததால் பிராசஸரையும் விரட்ட முடியாது. ஓவர்கிளாக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கம்பெனி சொன்ன வேகத்துக்கே வந்தேன். பசுவைப் போல சாதுவாக ஓடியது. சூடு இல்லை. சத்தம் இல்லை.

லரிசா போய் ஜன்னலை மூடினாள். குழாயைச் சுருட்டினாள்.

"இரு, இரு! ரெண்டு குச்சிய உருவிட்டா எல்லாம் சரியாயிடும்."

"தாராளமா உருவுங்க. வியாழக்கிழமை சர்ச்ல பெரோகி பிடிக்கப் போறப்போ ஒரெஸ்ட் அண்ணன் வீட்டு ஹலினா அக்கா கேப்பாங்க. நாலு போட்டார், தாங்கல, ரெண்ட உருவிட்டார்னு சொல்லிடறேன்."

அந்தச் சர்ச் சமையலறையில் மாவுக்குள் உருளைக்கிழங்கை வைத்துப் பெரோகி மடிக்கும் பெண்கள், நகரத்தின் கணவன்மார் அத்தனை பேரையும் சேர்த்துத்தான் மடிக்கிறார்கள். என் கை குச்சியைத் தொடாமலே திரும்பியது.

ஸ்டெஃபா தூங்கினாள். அவள் நெஞ்சில் கை வைக்காமலே லரிசாவும் தூங்கினாள். அதைப் பார்த்தபோது எனக்கும் கொஞ்சம் நிம்மதிதான். யாரிடமும் சொல்லாதீர்கள்.

மறுநாள் பனி தள்ளும்போது ஒரெஸ்ட் அண்ணன் வீட்டு அடித்தள ஜன்னல் கண்ணில் பட்டது. மூடியிருந்தது. உள்ளே, கண்ணாடியை ஒட்டி ஹலினா அக்காவின் பூந்தொட்டிகள். சாவகாசமாகப் பூத்திருந்தன.

"அண்ணே, உங்க ஜன்னல எப்ப மூடினீங்க?"

அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நாலு போட்ட அன்னிக்கு."

"அப்புறம் ஏன்ணே நாலு நாலுன்னு என்னை ஏத்தி விட்டீங்க?"

"ஹலினாதான் ஏத்தி விடச் சொன்னா. உன் வீட்டம்மா பெரோகி பிடிக்கறப்போ அழுதாளாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூலை வீட்டு டெரனும் ஜன்னலத் திறந்து வச்சிருக்கானாம். அடுத்தது உன் முறையாம்."

டெரன் மண்வெட்டியோடு வெளியே வந்தான். நான் என் மண்வெட்டியை ஊன்றி நின்றேன்.

"மெமரி வாங்கறியாமே, தம்பி? எத்தன குச்சி?"