இடிக்க வந்த ஜப்பான் பாய்

உலகத்திலேயே இடிக்கத் தெரியாமல் இடிப்புக் காண்ட்ராக்ட் எடுத்த ஒரே மனிதர் எங்கள் ஜப்பான் பாய்தான். அவர் எடுத்த முதல் காண்ட்ராக்ட் பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் பூர்வீக வீடு என்பதில் எனக்கு இன்றைக்கும் தலைகால் புரியாத பெருமை.

பாய்க்குச் சொந்த ஊர் காரைக்குடி. பன்னிரண்டு வருடம் ஜப்பானில் வேலை. கிராமங்களில் இருக்கும் பழைய விவசாயி வீடுகளைப் பிரித்து, உளுத்த மரத்தை மாற்றி, திரும்ப அப்படியே பூட்டுகிற கோஷ்டியில் இருந்தார். ஆணியில்லாத மரச்சட்டம், இடுப்பளவு கனத்தில் புல்லுக்கூரை, கூடத்து நடுவில் அடுப்பு.

"அந்தப் புகைதாண்ணே கூரையைப் பூச்சி அரிக்காமக் காப்பாத்தும். டோக்கியோக்காரன் லீவு போட்டு வந்து, கரி பிடிச்ச உத்தரத்தைத் தடவிக் கண்ணு கலங்குவான்" என்பார். சொல்லும்போது இவர் கண்ணும் கலங்கும்.

ஊர் திரும்பியவர் 'பழைய வீடுகள் பிரித்துத் தரப்படும்' என்று போர்டு மாட்டினார். எங்கள் பங்காளிகள் பதினோரு பேரும் அதை இடிப்பது என்றே படித்தார்கள். பின்கட்டு ஒழுகி ஒழுகி எல்லாரும் வெறுத்துப்போயிருந்த நேரம். மழை வந்தால் எந்தப் பாத்திரம் எந்த இடத்தில் என்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடம்.

"இடிச்சு, தூணு கதவையெல்லாம் வித்துருவோம்" என்றார் பெரியண்ணன். சென்னையில் கண் டாக்டர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எனக்கு மனசே இல்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு சாவியைப் பாயிடம் கொடுத்தேன்.

மறுநாள் போனால், பாய் துணிப்பட்டையில் எண் எழுதித் தூணில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்ன பாய் இது?"

"நம்பர் போடாம ஒரு ஓடுகூட எடுக்கமாட்டேண்ணே. அப்புறம் எதை எங்குட்டு மாட்டுறது?"

"இடிக்கிற வீட்டுல எதுக்கு மாட்டணும்?"

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

மாதக்கணக்கில் நம்பர் கட்டினார். தூண், கதவு, தாழ்ப்பாள், ஆட்டுக்கல் எதுவும் தப்பவில்லை. ஒருநாள் ஊஞ்சலில் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்தால் ஊஞ்சல் சங்கிலியில் 640, என் மூக்குக்கண்ணாடியில் 641.

தூண் வாங்க ஒரு வியாபாரி வந்தார். நாலே நாலு போதுமாம். பாய் குறுக்கே நின்றார்.

"நூத்திப் பதினேழோட நிறுத்திக்கிறீக. நூத்திப் பதினெட்டு தனியா என்ன செய்யும்? ஜப்பான்ல புல்லுக்கூரைக்கே அம்புட்டு மருவாதை. இது பர்மாத் தேக்குய்யா!"

போன வியாபாரி போனவர்தான்.

அப்புறம் பாய் பின்கட்டில் கை வைத்தார். அங்கே நடந்ததை நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். ஐப்பசியில் பெரியண்ணன் பங்காளிகள் பட்டாளத்தோடு காரில் வந்து இறங்கினார். தரைமட்டமாகி இருக்கவேண்டிய பின்கட்டு பளிச்சென்று நின்றது.

"இடிக்கச் சொன்னா கட்டி வச்சிருக்கீகளே பாய்!"

"ஓட்டுல இருந்து உத்தரம் வரைக்கும் இறக்குனேன் டாக்டரய்யா. நம்பரு சரியான்னு பாக்கவேணாமா? அதான் மாட்டிப் பாத்தேன். உளுத்தது அஞ்சாறு இருந்துச்சு, மாத்திட்டேன்."

அண்ணன் பதில் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பழக்கதோஷம், ஆளுக்கொரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி அவரவர் இடத்தில் வைத்தோம். அண்ணன் கையில் சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பாத்தியப்பட்ட பித்தளைக் குண்டான். சுற்றி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தோம். அரை மணி நேரம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

அண்ணன் குண்டானுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"மத்த கட்டுகளையும் மாட்டிப் பாக்குறீகளா பாய்?" என்றார்.

இன்றைக்கு அந்த வீட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்து வாசலில் நிற்கிறார்கள். "எங்க வீடு" என்று நான் சொல்கிற தோரணையைப் பார்க்கவேண்டுமே!

வீடு முழுக்க வேலை முடிந்த அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, பாய் நூற்றுப் பதினேழாம் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டார். வீட்டின் கடைசி நம்பர் 2316. நான் ஒரு பட்டையில் 2317 என்று எழுதி அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டேன்.

எழுந்தவர் அதைப் பார்த்தார். சாயங்காலம்வரை வீட்டில் மிச்சமிருந்த பட்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கையிலிருந்ததை மட்டும் அவிழ்க்காமல் காரைக்குடி பஸ் ஏறினார்.