கச்சாயத்துக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது

மாப்பிள்ளை மோகன்குமார் அவர்களுக்கு,

நாமகிரிப்பேட்டையிலிருந்து மச்சான் நவநீதகிருஷ்ணன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் நலம், என்னோடு யாரும் பேசுவதில்லை என்பதைத் தவிர. கெங்கவல்லியில் தங்கச்சியும் குழந்தைகளும் சௌக்கியமா? போனில் பேசினால் உங்கள் அக்கா பிடுங்கிவிடுவாள், அதனால் கடிதம்.

நம் பெண் சௌந்தர்யாவின் நிச்சயத்தன்று ஆத்தூர்ச் சம்பந்தி வளவன், தட்டிலிருந்த பலகாரத்தைக் கடித்துவிட்டு, "அதிரசம் அருமையா இருக்குங்க" என்றாரா, எனக்குப் பொறுக்கவில்லை. "அதிரசம் தட்டிச் சுடறதுங்க. எங்களுது மாவை ஊத்திச் சுடற கச்சாயமுங்க" என்றேன். அவர் தமிழாசிரியர் அல்லவா, "அதிரசம்னா மிகுந்த சுவை. கச்சாயம்னா என்ன அர்த்தங்க?" என்று சபை நடுவே சிரித்துக்கொண்டே கேட்டார். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அகராதி வாங்கி, வார்த்தையை இரண்டாக உடைத்து, அர்த்தம் கிடைத்த வேகத்தில் அவருக்கே போன் போட்டு, "கச்சு என்றால் பெண்கள் மார்பில் கட்டும் துணி, ஆயம் என்றால் தோழிமார் கூட்டம்" என்று உரக்க வாசித்தேன். அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தாராம், சுற்றிலும் சம்பந்தியம்மாவும் அவருடைய தங்கைமாரும். போன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அங்கிருந்து பேச்சே இல்லை. சௌந்தர்யா கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். "ஏனுங்க, நீங்க புள்ளையக் கட்டிக்குடுக்கறீங்களா, பலகாரத்தக் கட்டிக்குடுக்கறீங்களா?" என்கிறாள் உங்கள் அக்கா. கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

ஆனால் இன்று காலை கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டில் கொடுத்த கச்சாயத்தைப் பிட்டேன், விரலெல்லாம் வெல்லச் சாயம். கை, சாயம். கைச்சாயம்தான் கச்சாயம். இதைவிட என்ன சான்று வேண்டும்? நீங்கள் தாய்மாமன், உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. உடனே ஆத்தூர் போய், முந்திய அர்த்தத்தை மறக்கச் சொல்லி, இதைச் சொல்லி, அன்றைக்குத் தின்றது கச்சாயம்தான் என்று அவர் வாயால் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு வாருங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள். குலசாமி உங்களை நோய்நொடி இல்லாமலும் என்னை அவமானம் இல்லாமலும் காக்கட்டும்.

இப்படிக்கு,
நவநீதகிருஷ்ணன்

பி.கு.: ஆத்தூர் போக வேண்டாம். உறையை ஒட்டுமுன் உங்கள் அக்கா படித்துவிட்டாள். நிச்சயத்தன்று மாவு நீர்த்துப்போய் எண்ணெயில் பிரிந்துவிட்டதாம். இவள் சம்பந்தியம்மாவிடம் போனில் சொல்ல, அவர்கள் வரும்போதே கடையில் பலகாரம் வாங்கி வந்து யாருக்கும் தெரியாமல் கொடுத்தார்களாம். இப்போது இவளே போன் போட்டுக் கேட்டதில், அன்று அவர்கள் கட் செய்ததும் கோபத்தில் இல்லையாம், சிரிப்பை அடக்க முடியாமலாம். கல்யாணம் நடக்கும். சம்பந்தியின் காரிலேயே வந்த அதிரசத்தைத்தான் நான் அவரிடமே கச்சாயம் என்று சாதித்திருக்கிறேன்.