கமிட்டி பாய் கொடுத்த அங்கீகாரம்

தொழிற்கல்வியைக் கட்டி மேய்க்கும் அதிகாரம் டெல்லிக்கா சென்னைக்கா என்று பெரிய மனிதர்கள் பல காலமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைச் செய்திகளில் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இந்த நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியை ஒழுங்குபடுத்தும் யோக்கியதை உள்ள ஒரே ஒரு மனிதரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் படிப்பு எட்டாம் வகுப்பு. ஊர் திண்டுக்கல் பேகம்பூர். பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் கமிட்டி பாய்.

வேடசந்தூர் போகிற வழியில், பொட்டல் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் மெக்கானிக்கல் வாத்தியார். பாய் அங்கே பட்டறையைப் பார்த்துக்கொண்டார். அதற்கு முன் ஒரு நூற்பாலையில் இருபது வருடம் லேத் என்னும் கடைசல் மெஷின் ஓட்டியவர். அந்த ஆலை முதலாளியே கல்லூரி கட்டிச் சேர்மன் ஆனபோது, மில்லில் இருந்த மூன்று பழைய லேத்துகளையும் பாயையும் ஒரே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்.

கல்லூரி நடத்த வந்த பிறகுதான் சேர்மனுக்கு உலகம் புரிந்தது. “மில்லுக்கு வருசத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வருவாரு, டீ குடிச்சிட்டுப் போயிருவாரு. இங்க என்னன்னா டெல்லிலருந்து ஒரு கூட்டம், சென்னைலருந்து ஒரு கூட்டம். ரெண்டு பேரும் ஒரே விசயத்த ரெண்டு விதமா கேக்குறாங்கய்யா” என்று என்னிடம் புலம்புவார்.

பொய்யில்லை. பட்டறை ஒரே பெரிய கூடமாக இருக்க வேண்டும் என்றது டெல்லிக் குழு. பிரிவு பிரிவாகத் தனித்தனி அறை வேண்டும் என்றது சென்னைக் குழு. முதல்வர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பாய் ஒரு வாரம் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தபோது பிளைவுட்டில் ஒரு சுவர் நின்றது. வெள்ளையடித்த சுவர். அடியில் சக்கரம்.

“டெல்லிக்காரங்க வந்தா சொவரு ஓரமா போயிரும் சார். சென்னைக்காரங்க வந்தா நடுவுல வந்து நிக்கும். ரெண்டு பேரும் சந்தோசமா கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும்.”

ஒருமுறை இரண்டு குழுவும் ஒரே நாளில் வந்துவிட்டன. டெல்லி பட்டறையைப் பார்த்துவிட்டு நூலகத்துக்குப் போயிருந்தது. சென்னை, சேர்மன் அறையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தது. முடித்தால் பட்டறைக்கு வர வேண்டியதுதான். பாய் என் செல்லில் கூப்பிட்டார். குரலில் பதற்றமே இல்லை.

“வாத்தியாரே, சென்னைக்கு இன்னொரு எளநி வெட்டச் சொல்லுங்க. சொவத்துச் சக்கரம் மாட்டிக்கிச்சு, நகர மாட்டேங்குது.”

சென்னை அன்று ஆளுக்கு மூன்று இளநீர் குடித்தது.

பிறகு வீடியோவில் ஆய்வு செய்யும் காலம் வந்தது. பாய்க்கு அது விளையாட்டாகப் போனது. அதே மூன்று லேத்துகளை மூன்று வாசல் வழியாகப் போய்ப் படம்பிடித்து ஒன்பதாக்கிக் காட்டினார். திரையில் இருந்தவர் திருப்தியோடு தலையாட்டினார். எனக்குத்தான் கூசியது. “தப்பில்லையா பாய்?” என்று கேட்டேன்.

“தப்புத்தான் சார். ஆனா அவங்களும் ஒம்பதான்னுதான கேக்குறாங்க, ஓடுதான்னு கேக்கலையே.”

இதையெல்லாம் படித்துவிட்டு ஆளைத் தில்லுமுல்லுக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கமிட்டிக்கு எவ்வளவு வளைந்தாரோ, மாணவர்களிடம் அவ்வளவு விறைப்பு. முதல் வருடப் பிள்ளைகள் ஒரு இரும்புத் தகட்டில் வி வடிவில் பள்ளம் அறுத்து, இன்னொரு தகட்டை அதில் பொருந்தும்படி அரத்தால் ராவ வேண்டும். பாய் இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் தகட்டைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார். சேர்மனின் தங்கை மகன் பதினொரு தகடு ராவினான். சேர்மனே இறங்கி வந்து கேட்டார்.

“ஏன் பாய், செத்த பாத்து விடக் கூடாதா? நம்ம பய.”

“நம்ம பயங்கிறதாலதான் மொதலாளி சொல்றேன். நாளைக்கு இவன் பூட்டுன பிரேக்கு இருக்குற பஸ்ஸுல நீங்கதான ஏறிப் போவீங்க.”

பன்னிரண்டாவது தகடு தேறியது.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு சிக்கல்தான். பட்டறையில் சொல்லிக்கொடுப்பவர் பட்டயமாவது படித்திருக்க வேண்டும் என்பது விதி. அதில் டெல்லிக்கும் சென்னைக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. ஆகவே கல்லூரியில் மறைக்க வேண்டிய பொருட்களிலேயே முதன்மையானவர் பாய்தான். எல்லா மெஷினையும் துடைத்து, எண்ணெய் விட்டு, சுவரை நகர்த்தி வைத்துவிட்டு, கடைசியில் தன்னைத் தானே ஒளித்துக்கொள்ள வேண்டும். அவர் நாற்காலியில் அந்த ஒருநாளைக்குப் படித்த ஆள் யாராவது வந்து உட்காருவார்.

எங்கே ஒளிவது என்பதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். கமிட்டிக்கு மதியச் சாப்பாடு டவுனிலிருந்து பிரியாணி வரும். பாய் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, பட்டறை வாசலில் அண்டா பக்கத்தில் நின்றுவிடுவார். “திண்டுக்கல்லுல பிரியாணி அண்டா பக்கத்துல ஒரு பாய் நின்னா எந்த ஆபிசரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாரு சார். நானும் பாத்துட்டேன். ஆனா எனக்கு முட்டைகூட அவிக்கத் தெரியாது.”

பிறகு ஒருநாள் சென்னையிலிருந்து வந்த குழுவுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியை. ஒல்லியான அம்மாள், கைத்தறிச் சேலை. இளநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே பட்டறைக்கு வந்தார். பாயின் நாற்காலியில் அன்று உட்கார்ந்திருந்தவர் பிரபாகர் என்கிற இளைஞர். பட்டம் இருந்தது, நெற்றியில் வியர்வை இருந்தது, கழுத்தில் டை இருந்தது. அம்மாள் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“இந்த லேத்த ஓட்டிக் காட்டுங்க தம்பி.”

பிரபாகர் கம்பியை லேத்தின் வாயில், அதாவது சக்கில் வைத்து, சாவி போட்டு இறுக்கினார். சாவியை எடுக்க மறந்தார். டை கம்பிக்கு மேலே ஊஞ்சலாட, குனிந்து சுவிட்சுக்குக் கை நீட்டினார். நான் முதல்வர் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசலில் அண்டா மூடி விழுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பாய் உள்ளே வந்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பிரபாகரை டையோடு பிடித்து இழுத்து நிறுத்தியிருந்தார்.

“ஏலே, சாவிய உள்ள விட்டுட்டு சுவிச்ச போட்டா அது பறந்து ஒன் நெத்திக்குத்தான்டா வரும். இந்த டைய மொதல்ல கழட்டு. மெசினுக்குக் கழுத்து எது, கயிறு எதுன்னா தெரியும்?”

அம்மாள் பாயை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க யாரு?”

“பிரியாணி கொண்டாந்தேம்மா.”

“பிரியாணிக்காரருக்கு லேத் தெரியுமா?”

பாய் துண்டால் கையைத் துடைத்தார். “திண்டுக்கல்லுல எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும்மா.”

அம்மாள் சிரிக்கவில்லை. வரிசையாக நின்ற மாணவர்களைப் பார்த்து, “உங்களுக்குச் சொல்லித் தர்றது யாரு?” என்றார். நாற்பது ஜோடிக் கண்களும் அண்டாக்காரர் பக்கம் போய்விட்டன. சேர்மன் சுவரில் சாய்ந்தார். சுவர் நகர்ந்தது. அவரும் கூடவே இரண்டடி நகர்ந்தார்.

அம்மாள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். போகும்போது வராந்தாவில் என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: “நான் பார்த்த பட்டறைகள்ல பிள்ளைங்க விரல் பத்தும் பத்திரமா இருக்கிறது இங்கதான். ஆனா அவருக்கு விதியில இடம் இல்ல சார். நான் எழுதித்தான் ஆகணும்.”

எழுதினார். பட்டறைப் பயிற்சி மிகச் சிறப்பு, பயிற்சி அளிப்பவரை உடனே நீக்க வேண்டும். ஒரே தாளில், அடுத்தடுத்த வரிகளில் இருந்தது. நீக்காவிட்டால் மெக்கானிக்கல் பிரிவுக்கு அடுத்த வருடம் அனுமதி கிடையாது.

சேர்மன் பாயைக் கூப்பிட்டு, கேன்டீன் ஆள் என்று காட்டிக் காலத்தை ஓட்டலாம் என்றார். பாய் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனை. “அந்த டைக்காரப் பயல நெரந்தரமா வேலைக்கு எடுங்க மொதலாளி. அவன் கைய நான் தயார் பண்ற வரைக்கும் கேன்டீன்ல இருக்கேன். அப்புறம் போறேன்.”

பிரபாகர் டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். வகுப்புகள் முடிந்த பிறகு தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம். கேன்டீன் ஊழியர் ஒருவர் பட்டதாரிக்கு அரம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். பிரபாகரின் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குப்பைத் தொட்டிக்குப் போயின. ஒருநாள் அவர் அழுதேவிட்டார். பாய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, குடித்து முடித்ததும் புதுத் தகடு ஒன்றை நீட்டினார்.

ஆறு மாதம் கழித்து ஒரு தகடு. பாய் ஜன்னலுக்கு நேரே பிடித்தார். திருப்பிப் பிடித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை.

அதைப் பிரபாகர் கையில் கொடுத்துவிட்டு, பட்டறை பீரோச் சாவியையும் அதன் மேலே வைத்தார். “இனி நீங்க பாத்துக்கங்க சார்” என்றார். ஆறு மாதம் ஏலே என்று கூப்பிட்டவரை அன்றுதான் முதன்முறையாகச் சார் என்றார். மறுநாள் அவர் வரவில்லை. அந்த வருடம் டெல்லி, சென்னை இரண்டு அங்கீகாரமும் தடையில்லாமல் வந்தன. கல்லூரி வாசலில் பேனர் கட்டினார்கள்.

பாய் பேகம்பூரில் ஒற்றை லேத்தோடு சின்னப் பட்டறை போட்டார். நானும் கொஞ்ச காலத்தில் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டேன். போன வருடம் என் மகள் மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் அங்கீகாரம், தரவரிசை என்று நான்கைந்து பட்டியல்களை அச்செடுத்து வைத்துக்கொண்டு குழம்பி, கடைசியில் பாய்க்குப் போன் செய்தேன்.

“காகிதத்த மூடி வைங்க வாத்தியாரே. நானும் கூட வாரேன்.”

தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மூன்று கல்லூரிகள் ஏறி இறங்கினோம். முதல் இரண்டிலும் பட்டறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரும்பிவிட்டார். “பெயிண்டு வாசம்தான் அடிக்குது. வேண்டாம்.” மூன்றாவதில் உள்ளே போனார். எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்த வாடை. ஒரு லேத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார், சூடு இருந்தது. என் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “இங்க சேத்துரலாம். பாப்பா, முடிய மட்டும் இழுத்துக் கட்டிக்கிட்டு வரணும், என்ன?”

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டோம். திரும்பும்போது பேருந்தில் முன் இருக்கையில் மகள், பின்னால் ஜன்னலோரம் பாய், பக்கத்தில் நான். கொஞ்ச நேரத்தில் கண் அசந்து என் தோளில் சாய்ந்தார். தோள் மரத்துப்போனது. திண்டுக்கல் வரும்வரை நான் அசையவில்லை.