லோமேக்ஸ் பங்கும் ஒழுகும் கூரையும்

மாட்டுத் தீவனக் கடையை விற்றுவிட்டு வீட்டோடு வந்த நாளிலிருந்து டெல்மருக்கு ஒரே வெறி. கோடீஸ்வரன் ஆகாமல் கண்ணை மூடுவதில்லை. கிழக்கு டெக்சாஸில் அவர் ஊருக்குப் பருத்தியைவிடக் காப்புரிமை வழக்குதான் நல்ல விளைச்சல். எங்கெங்கோ இருக்கிற கம்பெனிகளெல்லாம் இந்தச் சிற்றூர் கோர்ட்டுக்கு வந்துதான் மல்லுக்கட்டும். உள்ளூர்க்காரனுக்குத் தெரியாத சூட்சுமமா?

சமையலறைக் கூரைக்கென்று வைத்திருந்த பணத்தைப் பங்கில் போட இரண்டு சின்னக் கம்பெனிகளைப் பொறுக்கி வைத்திருந்தார். அவர் மனைவி ஓப்பல், கூரை ஒழுகுகிற இடத்துக்கு வாளியை நகர்த்திக்கொண்டே கேட்டாள்.

"இந்தக் கம்பெனிங்க என்னங்க செய்யுது?"

"ஒரு திருகாணிகூடச் செய்யாது. மத்தவங்க செய்யிறதுக்கு, யோசனை எங்களோடதுன்னு சொல்லி உரிமக் கட்டணம் வாங்கும்."

"நான் சமைக்க, நீங்க விருந்தாளிங்ககிட்ட பேர் வாங்குவீங்களே, அப்படியா?"

"கிண்டலை விடு. ஆர்டெல்கிட்ட நாப்பது காப்புரிமை. பாதி காலாவதி ஆகப்போவுது. லோமேக்ஸ்கிட்ட மூணே மூணு. ஆனா அதைத் தொடாம எவனும் செல்போன் செய்ய முடியாது. எல்லாரும் கட்டணம் கட்டிட்டாங்க, ஒரு பெரிய கம்பெனிதான் முரண்டு பிடிக்குது. அந்தக் கேஸ் திங்கக்கிழமை இங்கதான். ஜெயிச்சா எங்கேயோ போயிடுவோம்."

"தோத்தா?"

"வாளிதான் இருக்கே."

"திங்கக்கிழமையா? எனக்கு அன்னிக்குத்தான் தீர்ப்புச் சொல்ற ஜூரியில உக்கார வரச்சொல்லிக் கோர்ட்டுலேருந்து கடுதாசி வந்திருக்கு."

டெல்மருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டின மனைவியே தீர்ப்புச் சொல்லப் போகிறாள்!

திங்கள் மாலை, சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் உர்ரென்று வந்து உட்கார்ந்தாள் ஓப்பல்.

"லோமேக்ஸ் கேஸ்தானே?"

"அதைப்பத்தி வாயைத் திறக்கக் கூடாதுங்க. வீட்டுல யாரும் பங்கு வாங்கவும் கூடாது. செக் புத்தகத்தைக் குடுங்க, என்கிட்டயே இருக்கட்டும்."

கொடுத்துவிட்டார். வாய் பேசாவிட்டால் என்ன, முகம் காட்டிக்கொடுக்காதா? அறிகுறி தெரிந்ததும் நைசாகப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார். மனசைக் குளிர வைத்தால் ஏதாவது கசியும் என்று, மறுநாள் பீன்ஸ் வேகவைத்தார். பாத்திரம் தேய்த்தார். சோள ரொட்டி சுட்டார். நாயைக்கூடக் குளிப்பாட்டினார். ஓப்பல் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டால் லோமேக்ஸ் ஜெயிக்கிறது. பெருமூச்சு விட்டால் நஷ்டஈடு குறைகிறது. கால் வலிக்கிறது என்றாள், பிடித்துவிட்டார். அதற்கு மட்டும் என்ன அர்த்தம் என்று பிடிபடவில்லை.

வியாழக்கிழமை அவர் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை மறந்துவிட்டுக் கோர்ட்டுக்கென்று கிளம்பிப் போய்விட்டாள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினார். வாசலில் காவலர் மட்டும் நின்றிருந்தார்.

"லோமேக்ஸ் கேஸா? திங்கக்கிழமை காலையிலயே ரெண்டு தரப்பும் ராசியாப் போயிட்டாங்களே. ஜூரிக்கு வந்தவங்களை அப்பவே வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

"எவ்வளவுக்கு ராசி?"

"பெரிய தொகையாம். லோமேக்ஸ் பங்கு எகிறிடுச்சுன்னு வக்கீலுங்க பேசிக்கிட்டாங்க."

டெல்மர் டப்பாவோடு திரும்பி ஓடினார். வீட்டுக்கு வந்தால், கூரைமேல் நாலு பேர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஓப்பல் அவர்களுக்கு ஐஸ் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாள் எங்கடி போனே?"

"காலையில கூரைக்காரர்கிட்ட பேரம். மத்தியானம் தங்கச்சி வீட்டு டிவி."

"என் கணக்கு சரியாத்தான் இருந்துது ஓப்பல்! லோமேக்ஸ் எகிறிடுச்சு!"

"உங்க கணக்கு சரிதாங்க. எகிறினது இறங்காதுன்னு என்ன நிச்சயம்? மழை நாளைக்கு நிச்சயமா இறங்குதாம்."

டெல்மர் டப்பாவோடு படியில் உட்கார்ந்தார். ஓப்பல் அதை வாங்கித் திறந்து, சோள ரொட்டியில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"அருமையா வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை விருந்துக்கும் நீங்களே செய்யுங்க. யோசனை என்னோடதுன்னு நான் சொல்லிக்கிறேன்."