உன் மேல் நான் போர் அறிவித்த விவரம்

குத்தாலம்,
2003 ஜூலை.

அன்புத் தம்பி ஃபஹதுக்கு, அண்ணன் ஹபீப் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும், உன் அண்ணி ஆமினாவும், கல்யாணப் பெண்ணாகிவிட்ட என் மகள் ஷிஃபாவும் இறைவன் கிருபையால் சுகம். ஷார்ஜாவில் உன் சுகத்துக்கும், இருமிக்கொண்டே இருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அந்த ஏசி மெஷினின் சுகத்துக்கும் துஆ செய்கிறோம். நிற்க. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொண்டால் நன்றாக இருக்காது. ஊரில் உன் மேல் நான் போர் அறிவித்திருக்கிறேன். பதறாதே. எல்லாம் கல்யாணம் நல்லபடியாக நடப்பதற்குத்தான்.

இந்த வருஷமும் மேட்டூர் திறக்கவில்லை. ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. நடவு இல்லாத ஊரில் உரக்கடைக்கு யார் வருவார்கள்? அதனால் மத்தியானத் தொழுகை முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு, போன விடுமுறையில் நீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆரம்பித்தேன். அதில் ஒரு நாடு பிடிக்கும் விளையாட்டு இருக்கிறதல்லவா, ஷிஃபாதான் அதைச் சொல்லிக்கொடுத்தாள். நமக்கு ஒரு நாடு, சுற்றி நான்கு ராஜாக்கள். அந்த நான்கு பேருக்கும் ஆள் கிடையாது, கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கிறது. அதில் சிவப்புக் கொடி ராஜா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், அவனை மற்ற மூன்று பேருக்கும் ஆகாது. ஒருநாள் சும்மா இருக்காமல் அவன் மேல் போர் என்று ஒரு பட்டனை அழுத்தினேன். உடனே மற்ற மூன்று பேர் முகத்திலும் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! "இனாமாக ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது. கேட்டேன். பச்சைக் கொடிக்காரன் கோதுமை கொடுத்தான், மஞ்சள் கொடிக்காரன் குதிரை கொடுத்தான், மூன்றாமவன் ஒரு இரும்புச் சுரங்கத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டான். சிவப்புக் கொடிக்காரனிடம் கப்பல் இல்லை, அவனால் இந்தக் கரைக்கு வரவே முடியாது. நானும் அவன் மேல் ஒரு குண்டூசியைக் கூட எறியவில்லை.

ஷிஃபாவுக்கு என் ஆட்டம் பிடிக்கவில்லை. "அத்தா, இது சண்டை போடுற விளையாட்டு. நீங்க என்னடான்னா வீடு வீடா போய்க் கை நீட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றாள். "கேட்டா குடுக்குறாங்கம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்றேன். கடை நடத்தத் தெரிந்தவனுக்கு நாடு நடத்துவது பெரிய காரியமே இல்லை தம்பி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணியின் ஒரே தம்பி ஆஸிம் நம் வீட்டுப் படி ஏறி எவ்வளவு நாளாயிற்று என்று உனக்கே தெரியும். "விசா ரெடி, பெட்டியைக் கட்டுங்க மச்சான்" என்று நீ போனில் சொன்னதை நம்பி, அவன் தெருவுக்கே பிரியாணி போட்டு, வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்து அழுது, மாலை போட்டுப் படம் எல்லாம் பிடித்துக்கொண்டான். அந்தக் கம்பெனி மூடிவிட்டது, விசா வரவில்லை. அது உன் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அழுது வழியனுப்பியவர்கள் மத்தியிலேயே அவன் ரைஸ்மில் நடத்த வேண்டியிருக்கிறதே! இன்றைக்கும் யாராவது "எப்ப வந்தீங்க?" என்று கேட்கிறார்கள். விசா வராமல் அவன் நொந்து கிடந்த நேரம் பார்த்து நானும், "என் தம்பி சரியாத்தான் செஞ்சான், உன் ராசிதான் சரியில்ல" என்று சொல்லி வைத்தேன். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது உன் அண்ணி, "ஷிஃபா நிக்காஹ்ல என் தம்பி வந்து நிக்கலன்னா நான் அடுப்படிய விட்டு வெளிய வர மாட்டேன், சொல்லிட்டேன்" என்கிறாள். ஷிஃபாவும் மாமா வரணும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமோ அடுத்த மாதம்.

யோசித்தேன். எல்லாருக்கும் ஆகாத, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவன் எனக்கு வேண்டும். உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நேராக ரெத்தினம் டீக்கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். "என் தம்பியா அவன்? வாயத் தொறந்தா வாக்குறுதி. இங்க இருக்குறவங்கள பெட்டி கட்ட வச்சுட்டு அங்க ஏசியில தூங்குறான்!" என்று ஒரு பிடி பிடித்தேன். பட்டனை அழுத்தினது போலவே இருந்தது தம்பி, அத்தனை முகமும் மலர்ந்துவிட்டது. நீ இத்தனை பேருக்கு இத்தனை சாமான் வாங்கி வருவதாகச் சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கீழத்தெரு வைரக்கண்ணு எழுந்து, "நானும் டார்ச் லைட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கேங்க. வயல்ல மிதிச்சப்புறந்தான் அது பாம்புன்னே தெரியுது" என்றார். ரெத்தினத்துக்கு நீ பிளாஸ்க் சொல்லியிருந்தாயாம். மறுநாளே வைரக்கண்ணு வீட்டிலிருந்து ஒரு வாழைத்தார் வந்து இறங்கியது. பந்தலுக்குக் கீற்று கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டேன், அதுவும் இனாம். ரெத்தினம் என்னிடம் டீக்குக் காசு வாங்குவதில்லை, கல்யாணத்துக்குப் பெரிய பாத்திரங்களும் தருகிறேன் என்கிறார். சுவை கூட்டுவதற்காகத் தினமும் உன்னைப் பற்றிக் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ சின்ன வயதில் என் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டதைக் கூடச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பலன் இருக்கிறது. நேற்று ஆஸிம் மில்லிலிருந்து ஒரு டிவிஎஸ் ஐம்பதில் ஒரு மூட்டை பொன்னி அரிசி வந்தது! உன் அண்ணி மூட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். அரிசி வந்துவிட்டது, ஆள் வர எவ்வளவு நேரம்? இந்த வாரமே வந்துவிடுவான், எழுதி வைத்துக்கொள். ஆகவே நீ தயவுசெய்து கல்யாணத்துக்கு லீவு கேட்காதே. அங்கேயே இரு. நீ வந்து நின்றால் என் ராஜதந்திரம் எல்லாம் பாழாகிவிடும். கல்யாண வீடியோ கேசட் அனுப்பி வைக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, தொழுகையை விடாதே. உன்னை ஊரறியத் திட்டினாலும் ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கையேந்துகிற,

உன் அண்ணன்,
ஹபீப் முகம்மது.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஆஸிம் வந்துவிட்டான். வாசலிலேயே நின்றான். நான், "வாங்க மச்சான், நீங்க சொன்னதுதான் சரி, என் தம்பி ஒரு..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டான். "அரிசி ஷிஃபாவுக்கு அனுப்புனது. உங்களுக்கு இல்ல. இத்தனை நாளா உங்ககூடப் பேசலன்னாலும், கூடப் பொறந்தவன விட்டுக்குடுக்காத மனுஷன்னு உங்க மேல ஒரு மரியாத வச்சிருந்தேன். அதயும் டீக்கடையில வச்சுக் கெடுத்துக்கிட்டீங்களே மச்சான்" என்றான். உன் அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன், "நான் வர்றேன் அக்கா. ஃபஹத் வரட்டும், அவன் பக்கத்துல நான் நிக்கிறேன். இவர் எங்க நிக்கிறதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். நேற்றே எஸ்டிடி பூத்திலிருந்து உனக்குப் போன் போட்டுவிட்டானாமே. ரெண்டு பேரும் போனிலேயே அழுதீர்களாமே. டிக்கெட்டும் எடுத்துவிட்டாயாமே. ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரியையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. தம்பி, கட்டாயம் வந்துவிடு. உன்னை அழைத்துவரத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஆஸிம்தான் கார் வைத்துக்கொண்டு வருகிறான். வண்டியில் எனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டான். நீ ஒரு வார்த்தை சொன்னால் ஏற்றிக்கொள்வான். சொல்லுடா.