எல்லைக்கல்லுக்குப் பொட்டு வைத்த கதை

கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு யோசனை என்று ஒன்று வரக்கூடாது. வந்தாலும் அதை மச்சானிடம் சொல்லக்கூடாது. இந்த இரண்டு தவறையும் நான் ஒரே மாலையில் செய்தேன்.

அது வெள்ளைக்காரர் ஆட்சியில் உலகச் சண்டை நடந்த காலம். எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு மதுரை சிம்மக்கல்லில் ஒரு மிளகாய் மண்டியில் நின்றுகொண்டிருந்தேன். (நின்றுகொண்டிருந்தேன் என்பதுதான் சரி. வந்தவரிடம் விலை சொல்லக் கூசுவேன் என்று முதலாளி என்னை மூட்டைக்குக் காவல் வைத்திருந்தார்.) மேலூருக்குக் கிழக்கே என் மனைவியின் ஊர்; இது நடந்தபோது அங்கேதான் போய்த் தங்கியிருந்தேன். ஊரை ஒட்டிச் சுனைமலை.

பெரிய மலை இல்லை. ஆனால் அதன் முன்னால் நின்றால் பேச்சு தானாகக் குறைந்துவிடும். பாதி உயரத்தில் ஒரு சுனை. ஊர்க் கண்மாய் வெடித்துக் கிடக்கும் கோடையிலும் அதில் தண்ணீர் வற்றாது. முதன்முதலாக அதில் குனிந்து பார்த்தபோது, என் முகத்துக்குப் பின்னால் வானம் அவ்வளவு ஆழத்தில் தெரிந்தது. விழுந்துவிடுவேனோ என்று பாறையைப் பிடித்துக்கொண்டேன். ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், குடத்தோடு வருபவர் என்று யார் வேண்டுமானாலும் அங்கே ஏறலாம். ஏன் வந்தாய் என்று எவரும் கேட்டதில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடை. ஓடைக்கு அப்பால் பொட்டலில் பட்டாளம் கூடாரம் போட்டுச் சுட்டுப் பழகியது. ஓடைதான் எல்லை. சுடும் நாளில் சிவப்புக் கொடி ஏறும், நாங்கள் அந்தப் பக்கம் போகமாட்டோம். திடீரென்று ஒருநாள் காலையில், மலைக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊர்ப் பாதை ஓரமாகச் சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசையாக நின்றன. பட்டாளத்து வெள்ளைக்காரத் துரைக்கு இடம் போதவில்லையாம். இனி கல்லைத் தாண்டி யாரும் கால் வைக்கக்கூடாதாம்.

"மலைய எடுத்துக்கிட்டா என் ஆடுக எங்க போயி தண்ணி குடிக்கும்? துரை வீட்டுப் பானையிலயா?" என்றார் சோலையம்மா அத்தை. ஆடுகளை நம்பியே பிழைத்தவர் அவர்.

அன்று மாலைதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மச்சான் வெள்ளைச்சாமியின் காதில் சொன்னேன்: "மச்சான், அந்தக் கல்லுக்குப் பொட்டு வச்சு மஞ்சத் துணி கட்டிட்டா? சாமின்னு பயந்து போயிருவாங்கள்ல?"

மச்சான் அதை ஊர் முழுக்கச் சொன்னார். மறுநாள் ஒவ்வொரு கல்லுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. தேங்காய் உடைத்தோம், பொங்கல் வைத்தோம். எட்டாம் வகுப்பு வீண்போகவில்லை என்று மாமனாரே சொன்னார்.

அடுத்த நாள் துரை வந்தார். கற்களைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் பூவாக மலர்ந்தது. கூட வந்த குமாஸ்தா தமிழில் சொன்னார்: "துரைக்கு ரொம்ப சந்தோசம். நீங்களே எல்லைய ஏத்துக்கிட்டீங்க, இனி வேலி கூடத் தேவையில்ல. இந்தச் சாமிக்கல்லு எங்க நிக்கிதோ அதான் எல்லை. அவரும் தாண்ட மாட்டாரு, நீங்களும் தாண்டக்கூடாது."

அவர்கள் போன பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவன் நட்டது வெறுங்கல்லு. ராத்திரியோட ராத்திரியா பிடுங்கிப் போட்டிருக்கலாம்" என்றார் அத்தை. "இப்ப பூசை போட்ட கல்லு. எவன் கைய வைப்பான்?"

உண்மைதான். பூசை ஏற்ற கல்லை மனிதன் அசைக்கக்கூடாது. சாமியே அருள் வந்து, 'நான் வேறு இடம் போகிறேன்' என்று சொன்னால்தான் உண்டு. ஊர்ச் சாமியாடியைக் கேட்டோம். அவர் கையை விரித்துவிட்டார். "நான் கருப்பனுக்கு ஆடுறவன். இது புதுச் சாமி. யாரு கூப்பிட்டாகளோ அவுக மேலதான் இறங்கும்."

கூப்பிட்டவன் நான்.

சுடாத நாளாக விசாரித்துத்தான் நாள் குறித்தோம். (பட்டாளம் நாளை மாற்றிக்கொண்டதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை; சிவப்புக் கொடியை மலை மறைத்துவிட்டது.) எனக்கு மாலை போட்டு, கையில் வேப்பிலையைக் கொடுத்தார்கள். என் திட்டம் சின்னதுதான். லேசாக உடம்பை ஆட்டுவது, ஓடைப் பக்கம் கையை நீட்டுவது, உட்கார்ந்துவிடுவது.

உறுமி முழங்கியது. சாம்பிராணிப் புகை கண்ணை மறைத்தது. அதற்கப்புறம் நடந்ததை நான் செய்தேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. என் கால்கள் ஓடின. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பாதியிலேயே வெட்கப்பட்டு நின்ற கால்கள். பின்னால் ஆண்கள் கற்களைப் பெயர்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், பெண்கள் குலவையிட்டு வருகிறார்கள். மலையைச் சுற்றினேன். ஓடை வந்தது. நிற்க வேண்டிய இடம் அதுதான். தாண்டிவிட்டேன்.

படபடவென்று வெடிச்சத்தம். பிறகு யாரோ கத்தினார்கள். எல்லாத் துப்பாக்கிகளும் ஒரே சமயத்தில் அடங்கின. அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மலையே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. மண்ணில் படுத்திருந்த சிப்பாய்கள் தலை தூக்கிப் பார்க்க, அவர்களுக்கு நடுவே ஓடி, ஒரு கூடாரத்தின் முன்னால் மூச்சு முட்டி விழுந்தேன். "இங்கதான்" என்றேனாம்.

சாமி வாக்குக்கு மறுவாக்கு ஏது? அங்கேயே குழி தோண்டிக் கற்களை நட்டுவிட்டார்கள். கண் விழித்துப் பார்த்தால், துரை தேநீர்க் கோப்பையோடு கூடாரத்துக்கு வெளியே நிற்கிறார். அவருக்கும் அவருடைய கட்டிலுக்கும் நடுவே சாமி.

குமாஸ்தாவுக்கு வேர்த்தது. "என்னய்யா இது?"

"சாமிக்கல்லு எங்க நிக்கிதோ அதான் எல்லைன்னு துரைதான சொன்னாரு" என்றார் அத்தை. "தாண்ட மாட்டேன்னும் சொன்னாரு. தாண்டாம இருக்கச் சொல்லுங்க."

குமாஸ்தா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். துரை கல்லைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் நின்ற மலையை நெடுநேரம் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராத்திரி படுக்கவாவது சாமி கொஞ்சம் பின்னால் நகருமா என்று கேட்டார்.

மறுபடியும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உறுமி முழங்கியது. ஊரும் பட்டாளமும் காத்து நின்றன. எனக்கு அருள் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. எவ்வளவு முக்கியும் ஒரு விரல்கூட ஆடவில்லை. கடைசியில் மச்சான் காதில் முணுமுணுத்தேன்: "பழைய ஓடைக்கே போயிரலாம்னு சாமி சொல்லுது."

"சத்தமாச் சொல்லு மாப்ள. சாமி ரகசியம் பேசுமா?"

"நீங்களே சொல்லிருங்க மச்சான்."

சொன்னார். கற்கள் ஓடைக்கரைக்குப் போயின. மலை எங்களிடமே இருந்தது. அன்று சாயங்காலம் துரை தனியாகச் சுனைக்கு ஏறி வந்தார். யாரும் சொல்லாமலே பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். அவரும் சட்டென்று பாறையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு நொடியில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

சண்டை முடிந்து பட்டாளம் போய்விட்டது. கற்கள் இன்னும் ஓடைக்கரையில் இருக்கின்றன. சாமிக்கு 'ஓடிவந்த அய்யா' என்று பெயர். நடை பழகாத குழந்தைகளை அங்கே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நடக்கிறதாம்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு மர பீரோ வந்தது. சுமந்து வந்தவர் எங்கே வைக்கட்டும் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"அவரக் கேக்காதீங்கண்ணே. பக்கத்து வீட்டுக்காரரு கட்டிலுக்கு முன்னாடி கொண்டுபோயி வச்சிருவாரு."