பட்டினி வயிற்றில் பாக்டீரியா

“பட்டினி கிடக்கிற மனுஷன் வயித்துல பாக்டீரியா இப்படிப் பெருகுமா? எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?” என்று ஆராய்ச்சி நிலைய டைரக்டர் அறிக்கையை மேஜையில் வீசினார்.

ஆராய்ச்சிக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு வருட உழைப்பாயிற்றே! பெருகுகிற பாக்டீரியா தன் மரபணுத் தொகுதியை ஒரே இடத்திலிருந்துதான் நகலெடுக்கத் தொடங்கும். அந்தத் தொடக்கப் பகுதிக்கு நகல் அதிகம் இருந்தால் ஜோராகப் பெருகுகிறது; எல்லாப் பகுதியும் சமமாக இருந்தால் சும்மா கிடக்கிறது. ஒரு டப்பா மலம் போதும், பெருகும் வேகத்தை ஒரு எண்ணாகச் சொல்லிவிடலாம். அதை நிரூபிக்கத்தான் சொந்தக் கணவரையே இரண்டு நாள் வெறும் தண்ணீரோடு பட்டினி போட்டிருந்தாள்.

“என் கணக்கு தப்பாது சார். அவர்தான் திருட்டுத்தனமா தின்னிருப்பார்!”

“வெள்ளிக்கிழமைக்குள்ள நிரூபிங்க. இல்லேன்னா உங்க ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்.”

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கணவரைப் பிடித்துக்கொண்டாள். “உண்மையச் சொல்லுங்க, என்னத்தத் தின்னீங்க?”

“சத்தியமா ஒரு வாய்கூட உள்ள போகலம்மா!” சோபாவில் துவண்டு கிடந்தவர் அழாத குறை.

அவள் நம்புவாளா என்ன? இன்னும் ஒரு நாள் பட்டினி என்று தீர்ப்புச் சொன்னாள். காவலுக்கு மாமனாரைப் போட்டாள்.

“மாமா, கண்கொத்திப் பாம்பா பாத்துக்குங்க. சமையலறைப் பக்கமே விடாதீங்க.”

“நீ கவலைப்படாம வேலைக்குப் போம்மா. நான் இருக்கேன்ல!”

மறுநாள் காலையில் டப்பா தயாராக இருந்தது. ஓடிப் போய்ச் சோதித்தாள். எண் முன்னைவிட ஒன்றரை மடங்கு ஏறியிருந்தது!

வெள்ளிக்கிழமை வீட்டுக்கே போன் வந்தது. “பட்டினி ஏற ஏறப் பாக்டீரியாவும் ஏறுது! உங்க கணக்கு தப்புங்கறதுக்கு இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?” என்று டைரக்டர் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது.

“என் கணக்கு தப்பாது சார்!” என்றாள் மறுபடியும். இந்தத் தடவை குரல் உடைந்துவிட்டது.

கணவர் திருதிருவென்று அப்பாவைப் பார்த்தார். மாமனார் எழுந்து வந்து, மருமகள் கையிலிருந்த போனை வாங்கினார்.

“சார், எங்க மருமக கணக்கு தப்பே இல்ல! மூணு நாளா பட்டினி கிடக்கிறவனுக்கு எங்கேர்ந்து சார் வரும்? வெறும் டப்பாவோட முழிச்சான், பாவமா இருந்துச்சு, ரெண்டு தடவையும் நான்தான் ரொப்பிக் குடுத்தேன். ரெண்டாம் தடவைக்கு முன்னாடி அவன் பங்கையும் சேர்த்து ஒரு பிடி பிடிச்சேன், அதையும்ல கண்டுபிடிச்சிருக்கா!”